தொழிற்பாடம்: செயின் தளர்வை ஏந்தும் ரோலர்



சென்ற இதழ்களில் சக்கர பேரிங், பிரேக் ஷூ இரண்டையும் பார்த்தோம். இம்முறை 1970களின் ஆஃப் ரோடு வண்டிகளில் செயின் டென்ஷனர் ரோலரை எப்படிப் பொருத்துவது என்று பார்ப்போம். மணலிலும் சேற்றிலும் மேட்டிலும் பாய்ந்து ஓடுவதற்கென்றே செய்த வண்டிகள் இவை. "நம் பட்டறைக்கு வராத வண்டிக்கு ஏன் பாடம்?" என்று சிலர் கேட்கலாம். பழைய வண்டிகளைப் புதுப்பிப்பது இன்று நல்ல கூலி கிடைக்கும் தனித்தொழிலாகிவிட்டது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் தம்பிகளின் கைக்கு இத்தகைய வண்டி வரலாம். அதோடு, இதே கணக்கு இப்போது நம் ஊர்களில் ஓடும் நீண்ட ஷாக் வண்டிகளுக்கும் பொருந்தும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் பின்சக்கரம் 170 மி.மீ. ஏறி இறங்குகிறது. ஸ்பிளெண்டருக்குச் செயின் இறுக்கிய பழக்கத்தில், கை போன போக்கில் அதையும் இறுக்கிவிட முடியாது.

முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். டென்ஷனர் ரோலர் என்ற பெயர்தான் குழப்பத்தின் வேர். பெயரைக் கேட்டதும், தளர்ந்த செயினை இறுக்க ஒரு சாதனம் என்று நினைத்துவிடுகிறோம். அதன் வேலை அதுவல்ல. இந்த வண்டிகளில் செயின் தளர்வாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தளர்வு ஆடாமல், அடிக்காமல், பல்லை விட்டுக் கழன்று போகாமல் ஏந்திப் பிடிப்பதே ரோலரின் வேலை. இது புரியாமல் ரோலர் மாட்டுகிறவர், ரோலரே இல்லாத வண்டியைவிட ஆபத்தான வண்டியை உருவாக்கி அனுப்புகிறார்.

ஏன் தளர்வு வேண்டும்? 1960களில் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளின் பின்சக்கரம் மேலும் கீழுமாக ஏறத்தாழ 100 மி.மீ. தான் அசைந்தது. நம் நாட்டில் ஓடிய ஜாவாவின் செக் நாட்டு உறவுக்காரரான சிஇசட் வண்டியில் ஜோயல் ராபர்ட் 1964இல் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். அந்தக் காலத்து வண்டிகளில் செயின் தளர்வு பெரிய தலைவலி இல்லை. பிறகு பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் முறையை யமஹா எடுத்துக்கொண்டது. 1973இல் அந்த வண்டியில் ஸ்வீடன் வீரர் ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி பட்டத்தை வென்றார். மற்ற கம்பெனிகளும் ஷாக்கைச் சாய்த்தும் முன்னே தள்ளியும் வைத்துப் பின்சக்கரத்தின் அசைவைக் கூட்டின. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பந்தய வண்டிகளின் அசைவு 300 மி.மீ. அளவுக்குப் போய்விட்டது. சக்கரத்தின் அசைவு மூன்று மடங்கானது. செயினின் கஷ்டம் மூன்று மடங்கோடு நிற்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நீளக் குச்சியும் ஒரு குட்டைக் குச்சியும் எடுத்து, முனைகளை ஓர் ஆணியில் கோத்துக்கொள்ளுங்கள். ஆணி இருக்கும் இடம் ஸ்விங் ஆர்மின் பிவட் போல்ட். குட்டைக் குச்சியின் மறுமுனை என்ஜினின் முன் ஸ்ப்ராக்கெட். நீளக் குச்சியின் மறுமுனை பின் ஆக்ஸில். இரு குச்சிகளையும் ஒரே நேர்கோட்டில் நீட்டினால் இரு முனைகளும் மிகத் தூரத்தில் இருக்கும். நீளக் குச்சியை மேலே மடக்கினாலும் கீழே மடக்கினாலும் முனைகள் நெருங்கும். வண்டியிலும் இதுதான் நடக்கிறது. முன் ஸ்ப்ராக்கெட், பிவட், ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது செயின் மிகவும் இறுகும். மற்ற எல்லா நிலையிலும் அது தளரும்.

இனி கணக்கு. முன் ஸ்ப்ராக்கெட் மையத்திலிருந்து பிவட் வரை 80 மி.மீ., பிவட்டிலிருந்து ஆக்ஸில் வரை 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் மொத்தம் 580. ஆர்ம் அந்தக் கோட்டை விட்டு 10 டிகிரி விலகினால் தூரம் 1 மி.மீ. குறைகிறது. 20 டிகிரியில் 4 மி.மீ.க்குச் சற்று மேல், 25 டிகிரியில் ஆறரை, 30 டிகிரியில் 9 மி.மீ.க்கு மேல். கோசைன் விதி நினைவிருப்பவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். 100 மி.மீ. அசையும் பழைய வண்டியில் ஆர்ம் கோட்டின் இருபுறமும் 6 டிகிரி கூடப் போகாது. அங்கே வித்தியாசம் அரை மி.மீ.க்கும் குறைவு. 300 மி.மீ. அசையும் வண்டியில், சக்கரம் தொங்கும்போது ஆர்ம் 25 டிகிரி கீழே இறங்கிவிடும்.

ஆறரை மி.மீ. என்றால் அற்பம் என்று தோன்றும். ஆனால் மேல்பக்கச் செயின் விறைப்பாக இருக்கும்போது, மிச்சமாகும் நீளம் முழுவதும் கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேரும். இரு பக்கத்தின் மிச்சமும் கீழே சேர்ந்து 13 மி.மீ. ஆகிறது. 570 மி.மீ. நீளச் செயினில் 13 மி.மீ. மிச்சம் இருந்தால், நடுவில் விரலால் தள்ளும்போது அது நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 60 மி.மீ. விலகும். ஏறத்தாழ மூன்று விரல் அகலம்! சேற்றுப் பாதையில் குதிக்கும்போது இந்தத் தொங்கல் சாட்டை போல் அடிக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தவறவிடும். கழன்ற செயின் முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் சுருண்டு கொண்டால் பின்சக்கரம் ஒரே கணத்தில் பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் என்ன ஆவார் என்று சொல்ல வேண்டியதில்லை. என்ஜின் கேஸும் உடையும். அந்தக் காலப் பந்தய வண்டிகள் சிலவற்றில் எடை குறைக்க மெக்னீசியக் கலவையில் கேஸ் வார்த்தார்கள். ஐம்பது வருடம் கழித்து அதற்கு மாற்றுக் கேஸ் தேடுவது லேசான காரியம் இல்லை.

இப்போது மறுபக்கம். நம்மூர் வழக்கப்படி ஒருவர் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுகிறார். சக்கரம் முழுதாகக் கீழே தொங்குகிறது. செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, 25 மி.மீ. ஆட்டம் விட்டு இறுக்கிவிடுகிறார். சின்ன ஷாக் வண்டிக்குச் சரியான வேலை. இந்த வண்டிக்கு? சக்கரம் தொங்கும் நிலையில் 25 மி.மீ. ஆட்டம் என்றால், ஆக்ஸில் பின்னுக்குப் போக அரை மி.மீ. கூட இடம் இல்லை. வண்டி தரையில் இறங்கி ஆள் ஏறியதும் ஆர்ம் நேர்கோட்டை நோக்கி எழும். அப்போது செயினுக்கு இன்னும் 6 மி.மீ. தேவைப்படும். அது எங்கிருந்து வரும்? செயின் இழுபட்டு நீளாது. கியர்பாக்ஸின் வெளித்தண்டை வளைக்கும், அதன் பேரிங்கை நொறுக்கும், ஷாக்கை மேலே போகவிடாமல் பூட்டி வைக்கும், அல்லது அறுந்து போகும். ஸ்டாண்டில் பார்க்க அழகாக இறுகியிருந்த செயின்தான் இந்த நாசத்தைச் செய்கிறது. "தொங்குகிறதே, இறுக்கிக் கொடுங்கள்" என்று உரிமையாளரே வற்புறுத்தினாலும் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். ஒருவர் நம்மிடம் விட்டுச்செல்லும் வண்டி அமானிதம். அவர் கேட்டார் என்பதற்காக அதைப் பாழாக்கக் கூடாது.

எனவே ரோலருக்கு முன்னால் செயின். செயின் தேய்ந்திருந்தால் எந்த ரோலரும் பயன்படாது. இந்த வண்டிகளில் அதிகம் வரும் 520 செயினின் ஒரு கண்ணி 15.875 மி.மீ. புதுச் செயினில் 20 கண்ணி 317.5 மி.மீ. இழுத்துப் பிடித்து அளக்கும்போது 323 மி.மீ. தாண்டிவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, கழற்றிப் போடுங்கள். ஸ்ப்ராக்கெட் பல் அலை போல் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

அடுத்து, நீளம் வைக்கும் முறை. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஷாக்குகளின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிடுங்கள். டென்ஷனர் ஏற்கெனவே இருந்தால் அதை ஒரு கம்பியால் விலக்கிக் கட்டுங்கள். இப்போது சக்கரத்தைக் கையால் தூக்கி, முன் ஸ்ப்ராக்கெட் மையம், பிவட், ஆக்ஸில் மூன்றும் ஒரு நூலில் வரும்வரை உயர்த்தி அடியில் செங்கல் கொடுங்கள். கண்ணளவை நம்பாமல் உண்மையான நூலையே பிடித்துப் பாருங்கள். இந்த நிலையில் கீழ்ச்செயினின் நடுவில் மேலும் கீழுமாக 10 முதல் 15 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றினால் ஓர் இடத்தில் செயின் சற்று இறுகும். அந்த இறுக்கமான இடத்தில்தான் இந்த அளவை வைக்க வேண்டும். ஆக்ஸில் நட்டை முறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள், முறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

பிறகு செங்கலை எடுத்து, ஷாக்கை மாட்டி, சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். செயின் பயமுறுத்தும் அளவுக்குத் தொங்கும். நீங்கள் செய்தது சரி என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்தத் தொங்கலை ஏந்தத்தான் ரோலர். மேல்பக்கச் செயின் சக்கரத்தை இழுக்கிறது. கீழ்ப்பக்கம் சும்மா திரும்பி வருகிறது. ஆகவே ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் எப்போதும் கீழ்ப்பக்கத்தில். ஆனால் ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை மூடி என்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும்போது கீழ்ச்செயின் விறைத்துக்கொள்ளும். அப்போது ரோலர் விலகி வழிவிட வேண்டும். இதனால்தான் கீழ்ச்செயினை அழுத்தும் ரோலரை அசையாத பிராக்கெட்டில் வெல்டிங் வைத்து நிறுத்தக் கூடாது. பிரேமில் அசையாமல் இருக்கும் வேறு ரோலர்களும் இந்த வண்டிகளில் உண்டு. பிவட்டுக்கு அருகே மேலும் கீழும் இருக்கும் அவை, செயின் ஏர் பாக்ஸிலும் பிரேமிலும் உரசாமல் தடுப்பவை. அவை செயினை அழுத்துவதில்லை, எல்லை மட்டும் காட்டுகின்றன.

டென்ஷனர் கையை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது? கீழ்ச்செயின் முன்னிருந்து பின்னோக்கி ஓடுகிறது. ஆகவே கையின் ஆணி முன்னாலும் ரோலர் பின்னாலும் இருந்தால், செயின் ரோலரைத் தன்னோடு இழுத்துச் செல்லும், கை பணிந்து போகும். திருப்பி மாட்டினால் செயினின் உராய்வு ரோலரை மேலும் உள்ளே குத்தும். ஒரு கல் சிக்கினாலும் கை மடங்கிச் செயினுக்குள் போய்விடும். கை எவ்வளவு மேலே வந்தாலும் ரோலர் மேல்செயினையோ டயரையோ தொடக்கூடாது. அதற்கு ஒரு தடை கட்டாயம் இருக்க வேண்டும்.

ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று தம்பிகள் கேட்பார்கள். செயின் மிகவும் தொங்கும் நிலையில் அதை ஏந்தி நிற்கும் அளவு போதும். கட்டைவிரலால் அழுத்தினால் கை தணிய வேண்டும். பலமான ஸ்பிரிங் போட்டால் சத்தம் குறைந்தது போல் இருக்கும், ரோலரோ சீக்கிரமே அறுபட்டுப் போகும்.

ரோலரின் உள்ளே இருக்கும் பேரிங்கைப் பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். 38 மி.மீ. விட்டமுள்ள ரோலரை எடுத்துக்கொள்வோம். பின் ஸ்ப்ராக்கெட்டில் 48 பல், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர். வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது செயின் நொடிக்கு 8 மீட்டர் ஓடுகிறது. ரோலர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 சுற்று சுழல்கிறது! நடுவில் வெறும் துளை போட்டு போல்ட்டைச் செருகிய நைலான் துண்டு, அதுவும் சேற்றில், எத்தனை நாள் தாங்கும்? இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங் போடுங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 608 எண் பேரிங் பொருந்தும். அதன் வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. தகர மூடி உள்ளது வேண்டாம், தண்ணீர் புகுந்துவிடும்.

இரண்டு பேரிங் போடும்போது, அவற்றின் உள்வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்புப் புஷ் வேண்டும். அதன் நீளம், ரோலருக்குள் இரு வெளிவளையங்களும் உட்காரும் படிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மயிரிழை கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. குறைந்தால், போல்ட்டை முறுக்கும்போது உள்வளையங்கள் நெருக்கப்பட்டுக் குண்டுகள் இறுகிவிடும். போல்ட் தளர்வாக இருக்கும்போது சுற்றிய ரோலர், முறுக்கியதும் நின்றுவிட்டால் குற்றம் இந்தப் புஷ்ஷில்தான். பலர் அந்த இடத்தில் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திவிட்டு ரோலரைச் சுற்ற வைக்கிறார்கள். வண்டி ஓடும்போது அந்த போல்ட் கழன்று விழும். புஷ்ஷை லேத்தில் கொடுத்துச் சரியான நீளத்துக்குக் கடைந்து வாங்குங்கள். இரு பக்கமும் பேரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடும் சிறிய வாஷர், வெளியே நைலாக் நட்.

ரோலரையும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். நைலான் எங்கும் கிடைக்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சி ஊதும், பேரிங் உட்காரும் துளை மாறும். டெல்ரின் அவ்வளவு ஊதாது. பாலியூரிதேன் சத்தத்தைக் குறைக்கும். இரும்பில் கடைந்து தரச் சொல்லாதீர்கள், செயினின் பக்கத் தகடுகளைத் தின்றுவிடும். பேரிங்கைச் செருக, ரோலரைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்து, வெளிவளையத்தில் மட்டும் படும்படி ஒரு சாக்கெட்டை வைத்து அழுத்துங்கள். உள்வளையத்தில் சுத்தியலால் தட்டினால் புது பேரிங் அங்கேயே பழையதாகிவிடும்.

மாட்டிய பின் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ரோலர், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே வரிசையில் தெரிய வேண்டும். ரோலர் 2 மி.மீ. தள்ளியிருந்தாலும் அதன் ஓரச்சுவர் ஒருபக்கமாகத் தேயும், செயினும் பக்கவாட்டில் இழுபடும். வாஷர் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யலாம். பிறகு ஷாக்கை மறுபடி கழற்றி, சக்கரத்தை மிகக் கீழிலிருந்து மிக மேல்வரை மெல்லத் தூக்கி இறக்குங்கள். தொங்கும் நிலையில் மேல்செயின் பிவட்டுக்கு அருகே ஆர்மின் மேல் படியும். அங்கே ரப்பர் அல்லது நைலான் தேய்ப்புப் பட்டை இருக்கிறதா, இல்லை ஆர்மின் உலோகமே அறுபட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய வண்டிகளில் இந்த இடத்தில் ஆர்ம் பாதி அறுந்து, பெயிண்டுக்குள் ஒளிந்திருப்பது உண்டு.

இந்தத் தொல்லையை வேரிலேயே தீர்க்க முயன்றவர்களும் உண்டு. ஆஸ்திரியப் பந்தய வீரரும் பொறியாளருமான ஹோர்ஸ்ட் லைட்னர், பிவட்டுக்கு அருகே ரோலர்களை வைத்துச் செயினின் பாதையையே திருப்பும் ஏ-ட்ராக் என்ற அமைப்பைச் செய்தார். செயினின் இழுப்பு ஷாக்கின் வேலையைக் கெடுக்காமல் இருப்பதே அவருடைய முதல் நோக்கம். 1980களில் அமெரிக்காவில் அவர் தொடங்கிய ஏடிகே வண்டிகளின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். அத்தகைய வண்டி கைக்கு வந்தால் அதன் ரோலர்களை வெறும் டென்ஷனர் என்று எண்ணி இடம் மாற்றிவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்கிறோம், பயிற்சிக் கூடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். ரோலர் சுற்றுகிறதா என்று பார்க்க என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கையை அருகே கொண்டு போகாதீர்கள். துணியால் செயினைத் துடைக்கவும் கூடாது. துணி சிக்கினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். கையை விடுவித்துக்கொள்ள அவகாசம் கிடைக்காது. சோதனை எல்லாம் என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். பக்கத்தில் நிற்கும் இளைய தம்பி சக்கரத்தைச் சுற்றும்போது உங்கள் விரல் செயினில் இருக்கக் கூடாது.

வண்டியை ஒப்படைக்கும்போது நேர்கோட்டில் எவ்வளவு ஆட்டம் வைத்தீர்கள், தொங்கும்போது எவ்வளவு இருந்தது என்ற இரண்டு அளவையும் வேலைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை உரிமையாளர் ஸ்டாண்டில் நிறுத்தியே அந்த இரண்டாவது அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம், ஷாக்கைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றிய பழைய ரோலரையும் பேரிங்கையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் ரோலரின் போல்ட்டையும் ஆக்ஸில் நட்டையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோலரின் நடுவில் இரு கோடுகள் மெல்லப் பதிந்திருந்தால் சரியாக ஓடுகிறது. ஒரே பக்கத்தில் பதிந்திருந்தால் வரிசை தப்பியிருக்கிறது, வண்டியைத் திரும்ப வாங்கி வாஷரை மாற்றிக் கொடுங்கள். அதற்குக் கூலி கேட்க வேண்டாம்.

அடுத்த இதழில் இன்ஷா அல்லாஹ், ஸ்விங் ஆர்ம் பிவட்டின் புஷ்களை அளப்பது பற்றிப் பார்ப்போம்.